சிவப்புக் குறி மூடியிலா, போல்ட்டிலா?

'ரிமூவ் தி போல்ட்ஸ் ஃப்ரம் தி கவர் வித் தி ரெட் மார்க்.' ஓர் இயந்திரத்தோடு வரும் பராமரிப்புக் கையேட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகல் ஷிஃப்ட் ஃபிட்டர் அதைப் படித்துவிட்டு, சிவப்புக் குறி போட்ட மூடி எது என்று தேடி, அதிலுள்ள போல்ட் அத்தனையையும் கழற்றுகிறார். இரவு ஷிஃப்ட் ஃபிட்டர் அதே வரியைப் படித்துவிட்டு, சிவப்புக் குறி உள்ள போல்ட்டுகளை மட்டும் கழற்றி, மற்றவற்றை அப்படியே விடுகிறார். இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். இருவரும் இலக்கணப்படிதான் படித்தார்கள். எழுதியவர் மனத்தில் இருந்தது ஒன்று. தாளில் ஏறியது இரண்டு.

சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16-இல் புதுவாயல் கூட்டுச்சாலையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை போகிறவர்களுக்கு இந்தப் பகுதியின் மொழி நிலவரம் தெரிந்திருக்கும். உருக்காலை, ரோலிங் மில், வார்ப்படத் தொழிற்சாலை, கிடங்கு என்று வரிசையாக வரும். இயந்திரத்தின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். பொறியாளர் அதைப் படித்துச் சூப்பர்வைசரிடம் தமிழில் சொல்வார். சூப்பர்வைசர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஹெல்ப்பரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்வார். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கும் தாராளமாகப் புழங்கும். ஒரு கட்டளை புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று இலக்கணங்களைக் கடந்துவிடுகிறது. வாக்கியங்களின் இரட்டைப் பொருளைப் பற்றி மொழியியல் வகுப்பறைகளில் பேசுவதை இந்த ஊரில் வைத்துப் பேச வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். இங்கே ஒரு வாக்கியம் தப்பாகப் புரிந்தால் விரல் போகும்.

அந்த ஆங்கில வரியில் எந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருள் இல்லை. போல்ட் என்றால் போல்ட்தான், மூடி என்றால் மூடிதான். 'மாலை' என்ற சொல் பொழுதையும் குறிக்கும், பூமாலையையும் குறிக்கும் என்பது வேறு வகை. அதைத் தொல்காப்பியம் பலபொருள் ஒருசொல் என்று தனியாகவே பிரித்துப் பேசுகிறது. காளமேகப் புலவரின் சிலேடைகளும் பெரும்பாலும் சொல்லை வைத்தும், சொல்லைப் பிரிக்கும் விதத்தை வைத்தும் ஆடியவை. நம் கையேட்டு வரியில் குழப்பம் சொற்களுக்கு வெளியே, ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்ற இடத்தில் இருக்கிறது. 'வித் தி ரெட் மார்க்' என்ற தொடர் பக்கத்திலிருக்கும் 'கவர்' மீதும் சாயலாம். அதைத் தாண்டி 'போல்ட்ஸ்' மீதும் சாயலாம். எங்கே சாய்ந்தாலும் அதன் உருவம் மாறுவதில்லை.

வாக்கியம் என்பது வரிசையாக நிற்கும் சொற்கள் மட்டும் ஆகாது. காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வரிசைதான். மனம் அதைக் கிளைகளாகக் கட்டிக்கொள்கிறது. எந்தக் கிளை எதிலிருந்து பிரிகிறது என்பதுதான் பொருள். ஒரே வரிசையிலிருந்து இரண்டு மரம் கட்ட முடிந்தால் இரண்டு பொருள். ஒரு தொடர் கூடினால் மரங்கள் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கென்னத் சர்ச், ரமேஷ் பாட்டீல் என்ற இரு ஆய்வாளர்கள் 1982-இல் இதை எழுதினார்கள். இப்படி ஒட்டும் தொடர் ஒன்று இருந்தால் 2 வழி. இரண்டு இருந்தால் 5. மூன்று இருந்தால் 14. நான்கானால் 42. கணிதத்தில் காட்டலான் எண்கள் என்று பெயர் பெற்ற வரிசை இது. 'கிளீன் தி வால்வ் ஆன் தி பைப் நியர் தி டேங்க் வித் தி பிரஷ்' என்ற சாதாரண வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷால் துடைப்பதா, பிரஷ் பொருத்திய டேங்க்கா, டேங்க்குக்குப் பக்கத்தில் இருப்பது பைப்பா, வால்வா, துடைக்கும் வேலையே அங்கேதான் நடக்க வேண்டுமா என்று பிரித்துக்கொண்டே போனால் இலக்கணம் 14 மரங்களை அனுமதிக்கும்.

படிக்கும்போது இந்தப் பதினான்கும் நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. மனம் எல்லா வழியையும் எடுத்துவைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. சொற்கள் வரவர ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டே போகிறது. அது பொருந்திவிட்டால் வேறொன்று இருந்தது என்ற நினைப்பே வராது. 1970-இல் தாமஸ் பீவர் என்ற உளவியலாளர் ஒரு வாக்கியத்தை முன்வைத்தார்: 'தி ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.' ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் கடைசிச் சொல்லுக்கு வந்ததும் திகைத்து நின்றார்கள். 'குதிரை களஞ்சியத்தைத் தாண்டி ஓடியது' என்று வாக்கியத்தை முடித்துவிட்ட மனத்துக்கு, 'விழுந்தது' என்று இன்னொரு வினை ஏன் வருகிறது என்று புரிவதில்லை. உண்மையில் அதன் பொருள், களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பது. லின் ஃப்ரேசியரும் கீத் ரேனரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட வாக்கியங்களைப் படிப்பவர்களின் கண்ணசைவை அளந்தார்கள். கட்டிய மரம் பொருந்தாமல் போகும் இடத்தில் கண் கூடுதல் நேரம் தங்குகிறது, சில சமயம் பின்னால் திரும்பிப் போகிறது. ஆனால் போல்ட் வாக்கியத்தில் கண்ணைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. முதலில் கட்டிய மரமே கடைசிவரை நிற்கும். ஃபிட்டருக்குச் சந்தேகமே வராது. சந்தேகம் வந்தால் கேட்டிருப்பார்.

குதிரை வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஓடியது, ஓட்டப்பட்ட: இரண்டும் ஈற்றிலேயே பிரிந்துவிடுகின்றன. 'ஓடியது' என்றால் வாக்கியம் முடிகிறது. 'ஓட்டப்பட்ட' என்றால் பெயர் ஒன்று வரப்போகிறது. ஆங்கிலத்தில் 'ரேஸ்டு' என்ற ஒரே உருவம் இரண்டு வேலையையும் பார்க்கிறது. போல்ட் வாக்கியமும் அப்படித்தான். 'சிவப்புக் குறி உள்ள மூடியிலிருந்து போல்ட்டுகளைக் கழற்று' என்றோ, 'மூடியிலிருந்து சிவப்புக் குறி உள்ள போல்ட்டுகளைக் கழற்று' என்றோதான் தமிழில் சொல்ல முடியும். குறியைத் தாங்கும் தொடர் தான் விளக்கும் பெயருக்கு முன்னால் போய் நின்றாக வேண்டும். 'ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்' என்ற வாக்கியத்தின் கதையும் இதுவே. மொழியியல் பாடநூல்கள் பலவற்றில் வரும் அந்த ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கினால், 'தொலைநோக்கியால் பார்த்தேன்' அல்லது 'தொலைநோக்கி வைத்திருந்தவரைப் பார்த்தேன்' என்று பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் சொல்வோம். பெயரைத் தழுவும் தொடருக்கு ஓர் உருவம், வினையைத் தழுவும் தொடருக்கு வேறோர் உருவம் என்று நம் இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியில் படித்தபோது அது தேர்வுக்கான பாடமாகத் தெரிந்தது. ஒரு பிரஸ் இயந்திரத்தின் முன்னால் அது பாதுகாப்புக் கருவி.

இதைக் கேட்டுத் தமிழ் துல்லியமான மொழி, ஆங்கிலம் குழப்பமான மொழி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எந்த இடத்தில் பேசுபவரைத் தீர்மானிக்கச் சொல்லி வற்புறுத்துவது, எந்த இடத்தில் சும்மா விடுவது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. ஆங்கிலம் விடும் இடங்களை முதலில் பார்ப்போம்.

பெயரடையும் வினையும் ஒரே உருவில் இருப்பது ஒன்று. சாலைப் பணி நடக்கும் இடத்தில் வைக்கும் 'ஸ்லோ – மென் வொர்க்கிங்' என்ற பலகையை, மெதுவாகப் போங்கள், ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்றும் படிக்கலாம். மந்தமான ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்றும் படிக்கலாம். பெயர்களை அடுக்கிக்கொண்டே போவது இன்னொன்று. 'யூஸ்டு ஆயில் டிரம்' என்று ஒரு பீப்பாயின் மேல் எழுதியிருந்தால், பயன்படுத்திய எண்ணெய் உள்ள பீப்பாயா, பழைய எண்ணெய்ப் பீப்பாயா? கழிவை எங்கே அனுப்புவது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. நம் வீட்டுப் பக்கத்திலேயே இதற்கு ஒரு தமிழ் உடன்பிறப்பு இருக்கிறது. பழைய இரும்புக் கடை. கடை போன வாரம் திறந்ததாக இருக்கலாம், பழையது இரும்புதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை நமக்குச் சொல்வது இலக்கணம் இல்லை, உலகம். அதே அமைப்பில் 'புதிய தொழிலாளர் விடுதி' என்று எழுதினால் உலகம் உதவிக்கு வராது. விடுதி புதிதா, தொழிலாளர் புதியவர்களா?

மூன்றாவது இடம் நீதிமன்றம் வரை போனது. 'அல்லது' என்பதைக் குறிக்கும் 'ஆர்' எவ்வளவு தூரம் இழுக்கும், பின்னால் வரும் தொடர் பட்டியல் முழுவதையும் தழுவுமா, கடைசிச் சொல்லை மட்டுமா? 1979-இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவை இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது. அங்கே 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்' என்று ஒரு தொடர். விற்பனைக்காக என்பது காட்சிக்கு வைப்பதற்கு மட்டுமா, இருப்பு வைப்பதற்கும் சேர்த்தா? முதல் வகையில் படித்தால் மருந்தைச் சும்மா வைத்திருந்தாலே குற்றம். 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி இல்லை, எனவே 'இருப்பு வைத்தல் அல்லது காட்சிக்கு வைத்தல்' என்பது பிரிக்க முடியாத ஒரே தொடர், 'விற்பனைக்காக' இரண்டையும் தழுவும் என்று நீதிமன்றம் கண்டது. விற்கும் நோக்கம் இல்லாமல் வைத்திருந்தது மட்டும் அந்தப் பிரிவின்கீழ் குற்றமாகாது என்றது. ஒரு மனிதர் சிறைக்குப் போவதா இல்லையா என்பது ஒரு கிளை எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்திருந்தது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த இதே போன்ற வழக்கு, கூடுதல் நேரச் சம்பளத் தகராறு என்பதால் இந்தப் பகுதி வாசகர்களுக்கு நெருக்கமாகவே இருக்கும். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டார்கள். கெட்டுப்போகக்கூடிய உணவுப் பொருளைப் பதப்படுத்தல், உறையவைத்தல், சேமித்தல் போன்ற வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் பட்டியல் போட்டிருந்தது. பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடிந்தது. விநியோகம் தனி வேலை என்றால் ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் இல்லை. அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொட்டலம் கட்டுவது என்று படித்தால், பொட்டலமே கட்டாத ஓட்டுநர்கள் பட்டியலுக்குள் வரமாட்டார்கள், ஓவர்டைம் உண்டு. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் தெளிவாக இல்லை, எனவே தொழிலாளிக்குச் சாதகமான பொருளைக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தமிழில் அந்தச் சட்டத்தை எழுதியிருந்தால் 'விநியோகத்துக்காக' என்றோ 'விநியோகித்தல்' என்றோ முடித்திருக்க வேண்டும், வழக்கே எழுந்திருக்காது.

நம் தொழிற்சாலைகளைப் பல பத்தாண்டுகள் ஆண்ட 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் இதே வகை நீண்ட பட்டியலோடுதான் உற்பத்தி வேலை எது என்று வரையறுத்தது. செய்தல், மாற்றுதல், பழுது பார்த்தல், பொட்டலமிடல், எண்ணெயிடல், கழுவுதல், சுத்தம் செய்தல் என்று ஓடும் அந்தப் பட்டியலின் கடைசியில், பயன்பாடு, விற்பனை, போக்குவரத்து முதலிய நோக்கத்தோடு என்ற தொடர் வந்தது. அது எது எதைத் தழுவுகிறது என்பதைப் பொறுத்து ஓர் இடம் தொழிற்சாலையாகவும் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

இனித் தமிழ் விடும் இடங்கள். இவற்றை நம் முன்னோர் பார்க்காமல் விடவில்லை. நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களில் மிகப் பழையதான தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் தடுமாறு தொழிற்பெயர் என்று ஒன்றைச் சொல்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு 'புலிகொல் யானை.' புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? 'ஐ' உருபும் 'ஆல்' உருபும் தொக்கு நிற்பதால் செய்தது யார், பட்டது யார் என்று தெரியவில்லை. நோம் சோம்ஸ்கி 1957-இல் வெளியிட்ட நூலில் 'தி ஷூட்டிங் ஆஃப் தி ஹன்ட்டர்ஸ்' என்ற தொடரை ஆராய்ந்தார். வேட்டைக்காரர்கள் சுட்டார்களா, சுடப்பட்டார்களா? புலியும் யானையும் நின்ற அதே இடத்தில் இங்கே வேட்டைக்காரர்கள் நிற்கிறார்கள். சோம்ஸ்கியின் விடை, மேலே தெரியும் ஒரு தொடருக்கு அடியில் இரண்டு வெவ்வேறு வாக்கியங்கள் இருக்கின்றன என்பது. தொல்காப்பியம் கேட்பவர் பக்கம் நின்று பார்க்கிறது: பின்னால் வரும் சொல்லைக் கொண்டு உணரத் தெரிந்தவர்கள் வேற்றுமையைப் பிரித்தறிவார்கள் என்கிறது. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் செத்தது புலி. யானையின் தந்தத்தை எடுத்து வந்தார்கள் என்று தொடர்ந்தால் செத்தது யானை. இரண்டாவது அணுகுமுறை எனக்கு நெருக்கமானது. குழப்பம் எங்கே தீர்கிறது என்று தேடும் கண் அதில் இருக்கிறது.

இன்றைய பேச்சில் உயிருள்ளவற்றுக்கு 'ஐ' சேர்த்துவிடுகிறோம். அதனால் 'புலி கொன்ற யானை' என்றால் பெரும்பாலோர் புலிதான் கொன்றது என்று கேட்பார்கள். உயிரற்ற பொருள்களுக்கு 'ஐ' இன்னும் உதிர்கிறது. 'கிரேன் இழுத்து வந்த லாரி' என்று நெடுஞ்சாலையில் யாராவது சொன்னால், பழுதான லாரியைக் கிரேன் இழுத்து வந்ததா, கிரேனை லாரி இழுத்து வந்ததா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எதிர்மறை வந்தால் தமிழ் இன்னும் தளர்கிறது. 'அவன் சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை.' சாப்பிடாமலே போய்விட்டான் என்பது ஒரு பொருள். சாப்பிட்டான், ஆனால் போகவில்லை என்பது இன்னொன்று. 'இல்லை' என்பது 'போக' என்பதை மட்டும் மறுக்கிறதா, 'சாப்பிட்டுவிட்டு' என்பதையும் சேர்த்து மறுக்கிறதா என்று வினையெச்சம் சொல்வதில்லை. வீட்டில் இது ஒன்றும் செய்யாது. விபத்துக்குப் பின் எழுதும் விசாரணைக் குறிப்பில் 'அவர் பவரை ஆஃப் செய்துவிட்டு மூடியைத் திறக்கவில்லை' என்று ஒரு வரி வந்தால் கதையே வேறு. பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்தார், தவறு அவருடையது என்று ஒரு வாசிப்பு. பவரை நிறுத்தினார், மூடியைத் தொடவே இல்லை என்று இன்னொரு வாசிப்பு. ஒரு தொழிலாளியின் இழப்பீடு இந்த வரியில் தொங்கலாம். 'பவரை ஆஃப் செய்யாமல் திறந்தார்', 'பவரை ஆஃப் செய்தார். ஆனால் திறக்கவில்லை' என்று பிரித்து எழுத இரண்டு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஷிஃப்ட் மாறும்போது 'எல்லா போல்ட்டும் முறுக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போனால், ஒன்றுகூட முறுக்கவில்லையா, சில பாக்கியா? இந்திய ஆங்கிலத்தில் இதையே 'ஆல் தி போல்ட்ஸ் ஆர் நாட் டைட்டன்டு' என்று எழுதுவோம். அதிலும் அதே கேள்வி. 'சூப்பர்வைசர் நான் நாளைக்கு நைட் ஷிஃப்ட் என்று சொன்னார்' என்பது இன்னும் நுட்பமானது. 'என்று' என்ற சொல்லுக்குள் வரும் 'நான்' சில சமயம் சூப்பர்வைசர், சில சமயம் இதைச் சொல்பவர். பேச்சில் ஒரு சின்ன நிறுத்தம் பிரித்துக்காட்டிவிடும். வாட்ஸ்அப் செய்தியில் அந்த நிறுத்தம் ஏறாது. இன்னொருவரின் வண்டி பற்றிய பேச்சில் மட்டும் தமிழ் கைகொடுக்கிறது: 'டிரைவர் மெக்கானிக்கிடம் தன் வண்டி நின்றுவிட்டது என்றார்' என்பதில் வண்டி டிரைவருடையதுதான். ஆங்கிலத்தின் 'ஹிஸ்' இருவரில் யாரையும் சுட்டும்.

எனக்கு மிகவும் அச்சம் தரும் தமிழ்ச் சொல் 'வரை.' 'நான் வரும் வரை இரு' என்றால் என் வரவு நேரும்போது காத்திருப்பு முடிகிறது. 'நான் இருக்கும் வரை கவலை இல்லை' என்றால் என் இருப்பு நீடிக்கும் காலம் முழுவதும். வருவது ஒரு கணத்தில் நடந்து முடியும் நிகழ்வு. இருப்பது நீடிக்கும் நிலை. 'வரை' நிகழ்வோடு சேர்ந்தால் 'அது நேரும்போது நிறுத்து' என்றாகிறது, நிலையோடு சேர்ந்தால் 'அது முடியும்போது நிறுத்து' என்றாகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'அன்டில்', 'ஆஸ் லாங் ஆஸ்' என்று தனித்தனித் தொடர்கள் உண்டு. இப்போது 'எரி' என்ற வினையைப் பாருங்கள். விளக்கு பற்றிக்கொள்வதும் எரிதல், பற்றியபின் எரிந்துகொண்டிருப்பதும் எரிதல். 'சிவப்பு விளக்கு எரியும் வரை கதவைத் திறக்காதே' என்றால், எரிந்துகொண்டிருக்கும்போது திறக்காதே. 'பச்சை விளக்கு எரியும் வரை கதவைத் திறக்காதே' என்றால், எரியத் தொடங்கும்போது திற. வாக்கிய அமைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, கட்டளை தலைகீழாகிவிட்டது. நிறத்தைப் பற்றிய பழக்கம் மட்டுமே நம்மைக் காப்பாற்றுகிறது. ஆரஞ்சு நிறமோ நீல நிறமோ என்றால்? 'நீல விளக்கு எரியும் வரை கையை உள்ளே விடாதே.' எரிந்ததும் விடலாமா, அணைந்ததும் விடலாமா?

ஆங்கிலக் கையேட்டில் தெளிவாக இருந்த 'அன்டில்' தமிழுக்கு வரும்போது இப்படி இரண்டாகப் பிளக்கிறது. ஆங்கிலத்தில் பிளந்துகிடந்த 'வித்' தமிழுக்கு வரும்போது ஒன்றாகிறது, ஆனால் மொழிபெயர்ப்பவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது யாருக்கும் தெரியாமல். இரண்டு மொழியும் தளரும் மூட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒரு மொழியில் தீர்ந்த கேள்வி அடுத்த மொழியில் திரும்பவும் திறந்துகொள்கிறது.

இதற்கு உலகம் கொடுத்த விலை 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் தெரிந்தது. மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போன செய்தி, 'வி ஆர் நவ் அட் டேக்ஆஃப்' என்று பதிவாகியிருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்று அதை எடுத்துக்கொண்டார். விமானமோ ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு செயல் நடந்துகொண்டிருப்பதை டச்சு மொழி ஒரு முன்னிடைச்சொல்லை வைத்துச் சொல்லும். அந்தப் பழக்கம் ஆங்கிலச் சொற்களுக்குள் புகுந்திருக்கலாம் என்று ஸ்டீவன் குஷிங் என்ற மொழியியலாளர் விளக்கினார். விபத்துக்கு வேறு பல காரணங்களும் சேர்ந்தன. ஆனாலும் அதன்பின் விமானப் போக்குவரத்தில் 'டேக்ஆஃப்' என்ற சொல்லை, புறப்படுவதற்கான அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் அவற்றைத் திருப்பிச் சொல்லும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். மற்ற நேரங்களில் 'டிப்பார்ச்சர்' என்பார்கள். தன் தாய்மொழி இலக்கணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசிய அந்த விமானிக்கும், நம் பகுதித் தொழிற்சாலையில் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாகவும் இந்தியாகவும் மாற்றிக்கொண்டிருக்கும் சூப்பர்வைசருக்கும் இடையில் பெரிய வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

விமானப் பராமரிப்புத் துறை இதற்காகவே எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம் என்று ஒரு கட்டுப்பாட்டு மொழியை 1980-களில் உருவாக்கியது. செயல்முறை வாக்கியம் 20 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. மூன்றுக்கு மேல் பெயர்களை அடுக்கக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், ஒரே வகை. காட்டலான் எண்கள் ஏறும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விதிகளின் பின்னாலுள்ள கணக்கு புரியும்: தொடர் ஒன்றைக் குறைத்தால் 14 மரம் 5 ஆகிறது. தமிழுக்கு இப்படி ஒரு விதித்தொகுப்பு வேண்டும். அது ஆங்கில விதிகளின் மொழிபெயர்ப்பாக இருந்தால் பயன்படாது, ஏனென்றால் நம் தளர்வுகள் வேறு. வினையெச்சத்துக்குப் பின் 'இல்லை' வராமல் பார்த்துக்கொள்வது, 'எல்லா' என்பதோடு எதிர்மறையைச் சேர்க்காமல் 'ஒன்றுகூட' என்றோ 'சில மட்டும்' என்றோ எழுதுவது, எச்சரிக்கைப் பலகையில் 'ஐ' உருபை விடாமல் எழுதுவது ஆகியவற்றிலிருந்து அது தொடங்க வேண்டும்.

படக்குறிகள் போதாதா என்று கேட்கலாம். கை நசுங்கும், மின்சாரம் பாயும் என்று எச்சரிக்கப் படமே சிறந்தது, அதற்குப் பன்னாட்டுத் தரமும் இருக்கிறது. ஆனால் 'இது நின்றபின் அதைச் செய்', 'இது இல்லாவிட்டால் தொடாதே' என்ற நிபந்தனையைப் படத்தால் சொல்வது கடினம். ஆபத்து பெரும்பாலும் இந்த 'பின்', 'முன்', 'வரை' ஆகியவற்றில்தான் இருக்கிறது. 1948 சட்டத்தின் 108-ஆம் பிரிவு, தொழிற்சாலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. ஒரே மொழி பேசுவோர் கூடிய காலத்துக்கு அது பொருந்தியது. ஒரு கொட்டகையில் ஒடியாவும் இன்னொன்றில் போஜ்புரியும் கேட்கும் இடத்தில் பெரும்பான்மை எது என்பதே ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் மாறும். அதனால் ஹெல்ப்பர்கள் கைபேசியில் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். அது பெரிய உதவி. ஆனால் இரண்டு பொருளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கைபேசி சத்தமில்லாமல் போட்டுவிடும், 'இதில் எது?' என்று கேட்காது. எனவே கருவிக்குள் போகும் வாக்கியமே ஒரு பொருளோடு போக வேண்டும்.

அதைச் செய்யக்கூடியவர் மொழியியலாளர் இல்லை, கட்டளையை முதலில் எழுதுகிற ஆள். 'நீல விளக்கு எரியும் வரை' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'நீல விளக்கு எரியும்போது கையை உள்ளே விடாதீர்கள். விளக்கு அணைந்த பிறகு விடலாம்' என்று எழுதினால் தமிழிலும் ஒன்றுதான், அங்கிருந்து இந்திக்கோ ஒடியாவுக்கோ போனாலும் பிளவுபடும் வாய்ப்பு மிகக் குறைவு. எழுதியதை இயந்திரத்தின் முன்னால் நிற்கும் ஒருவரிடம் கொடுத்து, படித்துக்காட்டச் சொல்லாமல் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். உரக்கப் படித்தால் இரண்டு பொருளும் ஒரே ஒலியில்தான் வெளிவரும். கை எந்த போல்ட்டை நோக்கிப் போகிறது என்று பார்த்தால்தான் அவர் கட்டிய மரம் தெரியும்.